நாய்க்கடிக்கு மஞ்சள் போதாது, இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க

தங்கச்சி, மகன்ட கையில லயத்து நாய் கடிச்சு ரத்தம் வந்தது, மாமியார் மஞ்சள் வச்சுக் கட்டினாங்க, தோட்ட டிஸ்பென்சரியில ஊசி இல்ல, திங்கட்கிழமை போகலாமான்னு கேட்டிருக்கீங்க. திங்கள் வரைக்கும் வேணாம். இன்றைக்கே போங்க.

முதல்ல கட்டை அவிழ்த்து, மஞ்சளைக் கழுவி விட்டு, ஓடுற தண்ணியில சவர்க்காரம் போட்டு 15 நிமிஷம் நல்லா கழுவுங்க. பிள்ளை அழுவான், பரவாயில்ல. காயத்தில இருக்கிற கிருமி குறையுறது இதில தான். திரும்ப இறுக்கிக் கட்டாதீங்க.

பிறகு டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ, கிட்ட இருக்கிற வேற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ கொண்டு போங்க. ஓபிடி மூடியிருந்தாலும் அவசரப் பிரிவில பார்ப்பாங்க. விசர்நாய்க்கடி ஊசி அங்க இலவசம், காசை நினைச்சுத் தயங்க வேணாம். ரத்தம் வந்த கடி, அதுவும் கையில. அதனால தடுப்பூசியோட இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கிற இன்னொரு ஊசி மருந்து) தேவையான்னு டொக்டர்ட கட்டாயம் கேளுங்க. ஏற்பு (டெட்டனஸ்) ஊசி விவரம் பார்க்க பிள்ளைட கிளினிக் கார்டையும் எடுத்துக்கோங்க.

நாயை அடிச்சுக் கொல்ல விடாதீங்க. கட்டி வச்சு, அதுட நடத்தை மாறுதான்னு 14 நாள் பார்க்கணும். ஆனா அதுவரைக்கும் ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது. பிள்ளைக்கு விசர்நாய்க்கடி நோய்க்குறி வந்துட்டா காப்பாத்துறது அநேகமா முடியாத காரியம். காயம் ஆறினாலும் சொன்ன திகதியெல்லாம் தவறாம கூட்டிப் போங்க. டொக்டர் என்ன சொன்னாருன்னு இங்க எழுதுங்க.