சோழ நாட்டு வயலோரங்களில் உட்கார்ந்திருக்கும் சிலை புத்தரா, சமணத் தீர்த்தங்கரரா? எப்படிக் கண்டுபிடிப்பது, எங்கே பார்க்கலாம்?

முகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாதிச் சிலைகளில் மூக்கு சிதைந்திருக்கும். சிலவற்றில் தலையே இருக்காது. இருந்தாலும் பிற்காலத்தில் ஒட்டவைத்த சிமென்ட் தலையாக இருக்கலாம். நீண்ட காது, சுருள்முடி, மடித்த கால், மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள் எல்லாமே இருவருக்கும் பொது. இரு பக்கமும் சாமரம் வீசுபவர்கள் நிற்பதும் அப்படித்தான். இவற்றை மட்டும் வைத்து "இது புத்தர்தான்" என்று அடித்துச் சொல்லும் பதிவுகளை நம்ப வேண்டாம்.

பார்க்க வேண்டியது துணியை. தமிழகத்துச் சமணத் தீர்த்தங்கரர் உடையில்லாமல் இருப்பார். இங்குள்ள புத்தருக்கு மேலாடை உண்டு. அதன் விளிம்பு இடது தோளிலிருந்து சரிந்து, மார்பைக் கடந்து, வலது அக்குளுக்குக் கீழே போய் மறையும். வலது தோள் திறந்தே இருக்கும். கருங்கல்லில் இந்தக் கோடு மிக மெல்லியதாகத்தான் செதுக்கப்பட்டிருக்கும். உச்சிவெயிலில் எதிரே நின்று பார்த்தால் கண்ணில் படவே படாது. காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல் சாய்ந்த வெயிலில் பாருங்கள். கூரைக்குள் இருந்தால் டார்ச்சைச் சிலையின் தோள் பக்கமாக, கல்லை ஒட்டினாற்போலப் பிடியுங்கள். கோடு எழும்பி நிற்கும். மார்பு தேய்ந்து போயிருந்தால் கணுக்காலுக்கு மேலும் இடது மணிக்கட்டின் அருகிலும் துணி விளிம்பைத் தேடுங்கள். எண்ணெய் அதிகம் படாத மூலைகள் அவை.

இந்தக் கோட்டைப் பூணூல் என்று எண்ணித்தான் பல ஊர்களில் சிலையை முனிவர் என்கிறார்கள். பூணூல் கயிறு போலப் புடைத்து, வயிற்றைத் தாண்டி வலது இடுப்பு வரை இறங்கும். மேலாடை விளிம்போ தட்டையாக, மார்பு மட்டத்திலேயே திரும்பிவிடும்.

அடுத்தது உச்சந்தலை. சோழ நாட்டுப் புத்தருக்கு அங்கே தீச்சுடர் போன்ற முடி இருக்கும். இது நீட்டிக்கொண்டிருப்பதால் முதலில் உடைவதும் இதுதான். உச்சியில் வட்டமான உடைசல் தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மேலே மூன்றடுக்குக் குடை, பீடத்தில் சிங்கங்கள், தலைக்குப் பின்னால் பாம்புப் படம் என்றிருந்தால் பெரும்பாலும் சமணம். மார்பில் ஸ்ரீவத்சம் என்ற மங்கலக் குறி இல்லை, ஆகவே புத்தர் என்ற வாதம் மட்டும் செல்லாது. தென்னாட்டுத் தீர்த்தங்கரர் பலருக்கும் அது கிடையாது.

ஊர்ப்பெயரையும் சாமி பெயரையும் பொறுமையாகக் கேளுங்கள். "இங்கே புத்தர் சிலை இருக்கா?" என்றால் இல்லை என்றுதான் பதில் வரும். "கண்ண மூடி உட்கார்ந்த சாமி" என்று விவரியுங்கள். மயிலாடுதுறைப் பக்கம் பெருஞ்சேரியில் அவர் ரிஷி. முசிறிப் பக்கம் மங்கலத்தில் அவர் செட்டியார், மீசை வேறு உண்டு. சேலத்தில் தலைவெட்டி முனியப்பனாக வழிபடப்பட்ட சிலை புத்தரே என்று தொல்லியல் குழுவின் ஆய்வறிக்கையின்படி 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சோழ நாட்டில் பௌத்தம் ஏழாம் நூற்றாண்டில், சம்பந்தர் காலத்தோடு முடிந்துவிட்டது என்ற பேச்சும் தவறு. கும்பகோணம் கும்பேஸ்வரர் கோயிலில் தஞ்சையை ஆண்ட செவ்வப்ப நாயக்கர் காலத்து 1580ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. வாய்க்கால் வெட்டியதில் திருவிளந்துறைப் புத்தர் கோயில் நிலம் பாதிக்கப்பட்டதற்கு ஈடு கொடுத்ததை அது சொல்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியிலும் நிலபுலத்தோடு ஒரு புத்தர் கோயில் இருந்திருக்கிறது!

எங்கே பார்ப்பது? கட்டட எச்சம் வேண்டுமானால் பூம்புகாரை அடுத்த பல்லவனேஸ்வரம். 1960களில் அகழ்ந்தெடுத்த செங்கல் விகாரையின் (பிக்குகள் தங்கிய மடம்) அடித்தளமும் சதுர அறைகளும் தரைமட்டத்தில் தெரியும். சுண்ணாம்புக்கல்லில் செதுக்கிய புத்தபாதம் கிடைத்ததும் இங்கேதான். சுவர்கள் உயர்ந்து நிற்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரையைத் தேடி அலைய வேண்டாம். சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசர் எடுப்பித்து, முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்த விகாரை அது. அந்தக் கொடையைச் சொல்வதுதான் லெய்டன் செப்பேடு. அவ்வூரில் எஞ்சியிருந்த செங்கல் கோபுரமும் 1867இல் இடிக்கப்பட்டது. ஆனால் 1856 தொடங்கி அங்கே மண்ணிலிருந்து வந்த புத்தர் செப்புத் திருமேனிகள் 350க்கு மேல். அவற்றில் முக்கியமானவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். மேலாடை மடிப்பும் தீச்சுடர் முடியும் சிதையாமல் இருப்பதால், கண்ணைப் பழக்கிக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. அதன் பிறகு தஞ்சை, திருவாரூர் அருங்காட்சியகங்களின் கற்சிலைகளைப் பார்த்துவிட்டுக் கிராமங்களுக்குப் போவதுதான் சரியான வரிசை.

மிகப் பெரிய உட்கார்ந்த உருவம் வேண்டுமானால் டெல்டாவை விட்டு வெளியே, சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கம் தியாகனூர். அங்கே இரண்டு புத்தர்கள். வயலோரச் சிலைகளுக்குச் சம்பா அறுவடை முடிந்த பிப்ரவரிக்குப் பிறகு போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வரப்பில் கால் வைக்க முடியாது. கோயில் வளாகத்துச் சிலை என்றால் நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும், காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக ஒன்று தென்பட்டால் தேங்காய் நார், சீயக்காய், ஆசிட் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். போவது அழுக்கு மட்டுமல்ல, அந்த மெல்லிய கோடும்தான். அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து முன், பின், இரு பக்கம் என நான்கு படம் எடுங்கள். முதுகுப் பக்கத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். துணியின் தொடர்ச்சி அங்கேதான் கிடைக்கும். பீடம் முதல் உச்சி வரை உயரம், முழங்காலுக்கு முழங்கால் அகலம், சிலை முன்பு எந்தத் திடலில் இருந்தது என்ற மூன்றையும் எழுதிக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். மண்ணுக்குள்ளிருந்து வந்தது என்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிப்பது கட்டாயம்.