சான்றிதழ் கருவியை ஏஐ ஏஜென்ட் எழுதலாமா?

கேள்வி: எங்கள் 40 இணையதளங்களுக்கு (https இணைப்புக்கான) டிஎல்எஸ் சான்றிதழ் வாங்கிப் புதுப்பிக்க வேண்டும். இதைத் தானாகச் செய்யும் செர்ட்பாட் என்ற கருவி எங்கள் பழைய அமைப்போடு ஒத்துப்போகவில்லை. புதுக் கருவியை ஏஐ கோடிங் ஏஜென்ட்டிடம் எழுதச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். சான்றிதழைத் தானாகக் கேட்டுப் பெறும் ஏக்மி நெறிமுறையை ஆர்எஃப்சி 8555 என்ற தரநிலை ஆவணம் விரிவாக வரையறுத்திருக்கிறது. சோதித்துப் பார்க்க, இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் பெபிள் என்ற சிறிய சர்வரை உங்கள் கணினியிலேயே ஓட்டலாம். ஏஜென்ட் முதலில் தடுமாறும் இடங்கள் தெரிந்தவைதான். கோரிக்கையில் இடும் இஎஸ்256 என்ற மின்கையொப்பத்தைப் பல லைப்ரரிகள் டிஇஆர் என்ற வடிவில் தரும். ஏக்மி கேட்பதோ இரண்டு 32 பைட் எண்களை ஒட்டிய 64 பைட். தரவை எழுத்துகளாக மாற்றும் பேஸ்64 வடிவின் முடிவில் சமக்குறி வரக்கூடாது. தளப்பெயர் உங்களுடையது என்று காட்ட டிஎன்எஸ் டிஎக்ஸ்டி பதிவு போடும்போது, சர்வர் தந்த டோக்கனை அப்படியே போட்டால் செல்லாது. டோக்கன், ஒரு புள்ளி, கணக்குச் சாவியின் கைரேகை மூன்றையும் சேர்த்து எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் எடுத்து, அதை பேஸ்64 வடிவில் போட வேண்டும். இவற்றில் எது தவறினாலும் சர்வர் உடனே மறுத்துவிடும். பிழைச் செய்தியைப் படித்து ஏஜென்ட்டே திருத்திக்கொள்ளும்.

சத்தம் போடாத பிழைக்குத்தான் அஞ்ச வேண்டும். பெபிளின் சான்றிதழ் சோதனைக்கானது என்பதால் உங்கள் கணினி அதை நம்பாது. இணைப்பு தோற்றதும், சான்றிதழ் சரிபார்ப்பையே அணைத்துவிடுவது ஏஜென்ட்டுகள் எடுக்கும் குறுக்குவழி. அந்த ஒரு வரி நிஜ சர்வர் வரைக்கும் போய்விடும். பெபிளோடு வரும் மூலச் சான்றிதழைச் சோதனைக்கு மட்டும் நம்பச் செய்வதே முறை. பெபிள் வேண்டுமென்றே 5 சதவீத நான்ஸ்களை (ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு முறை மட்டுமே பயன்படும் எண்) நிராகரிக்கும். அதையும் அணைக்க விடாதீர்கள், மறுமுயற்சி சரியாக நடக்கிறதா என்பது அங்குதான் தெரியும். தனிச்சாவிக் கோப்பின் அனுமதி 0600 தானா (உரிமையாளர் மட்டுமே படிக்கவும் எழுதவும் முடிவது) என்று நீங்களே பாருங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட்டின் நிஜ சர்வர் ஒரே பெயர்த் தொகுப்புக்கு 7 நாளில் 5 சான்றிதழ்தான் தரும்; திரும்பத் திரும்ப முயலும் ஏஜென்ட் அதைச் சீக்கிரமே தீர்த்துவிடும். எனவே அதற்கு ஸ்டேஜிங் என்ற ஒத்திகை சர்வரின் முகவரியை மட்டும் கொடுங்கள்.

கேள்வி: டெஸ்ட்டுகளையும் ஏஜென்ட்டே எழுதியது. எல்லாம் பச்சை, அதாவது தேறிவிட்டன. போதாதா?

பதில்: போதாது. விதியைத் தவறாகப் புரிந்துகொண்டு நிரலை எழுதியிருந்தால், டெஸ்ட்டும் அதே தவறோடுதான் வரும். தேர்ந்த மனிதர்களுக்கே இது நடந்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் லெட்ஸ் என்க்ரிப்ட்டின் மென்பொருளில் ஒரு பிழை வெளிப்பட்டது. ஒரு சான்றிதழில் 10 பெயர்கள் இருந்து, அவற்றுக்கு யார் சான்றிதழ் தரலாம் என்று சொல்லும் சிஏஏ என்ற டிஎன்எஸ் பதிவுகளை மறுபடி பார்க்க வேண்டி வந்தால், பத்தையும் பார்க்காமல் ஒரே பெயரைப் 10 முறை பார்த்திருக்கிறது. கோ மொழியில் லூப் மாறியின் மதிப்பை எடுக்காமல் முகவரியை எடுத்ததே காரணம். பாதிக்கப்பட்ட சான்றிதழ்கள் 30,48,289.

ஆகவே ஏஜென்ட் எழுதாத சோதனை வேண்டும். நிறுவனத்துக்குள்ளேயே சான்றிதழ் வழங்கும் உள் சிஏ நடத்தினால், வெளியிடும் சான்றிதழ்களை இசட்லின்ட் என்ற விதி சரிபார்க்கும் கருவியில் ஓட்டுங்கள். தொடர் எண்ணையும், 2049-க்குப் பிந்தைய காலாவதித் தேதியையும் தனியாகப் பாருங்கள். 2049 வரை ஒரு தேதி வடிவம், அதன்பின் வேறு. பல பெயர்கள் கொண்ட சான்றிதழில் ஒரே ஒரு பெயரை மட்டும் தோற்கடித்துப் பார்க்கும் சோதனையை நீங்களே எழுதுங்கள்.

கேள்வி: ஒரு சான்றிதழ் நம்பகமான மூலச் சான்றிதழ் வரை சேர்கிறதா என்று, அதாவது சான்றிதழ்ச் சங்கிலியைச் சரிபார்க்கும் பகுதியையும் எழுதச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். நல்ல சான்றிதழை மறுத்தால் பயனர் புகார் செய்வார். போலியை ஏற்றுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. பரவலாகப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி அல்லது உங்கள் மொழியின் சொந்த லைப்ரரியிடம் அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆண்டுக்கு ஒரு முறை கையால் மாற்றினால் ஆகாதா?

பதில்: ஆகாது. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47. காலாவதியை நினைவூட்டும் மின்னஞ்சலை லெட்ஸ் என்க்ரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. ஆகவே கண்காணிப்பை, புதுப்பிக்கும் கருவிக்கு வெளியே தனி நிரலாக வையுங்கள். அது வட்டில் உள்ள கோப்பைப் பார்க்கக்கூடாது; https-க்கான 443 போர்ட்டில் இணைந்து, சர்வர் உண்மையில் காட்டும் தேதியைப் படிக்க வேண்டும். கோப்பு புதிதாகியும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் ரீலோட் ஆகாததால் தளம் பழைய சான்றிதழையே காட்டிக்கொண்டிருப்பது அடிக்கடி நடப்பது.