புதுக்குடியிருப்பில் இருந்துகொண்டு ரெட் வெல்வெட் கேக்கை வாங்குவதா, வீட்டிலே செய்வதா?

மகளின் பிறந்தநாள் ஆவணியில் வருகிறது என்றும், கிளிநொச்சியில் ஓடர் கொடுப்பதா, வீட்டில் அவண் இருப்பதால் நீங்களே செய்வதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் வீட்டில் செய்யவே சொல்வேன். அதற்குக் காரணம் காசு அல்ல, வெயில். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் அந்த நாட்களில், கிறீம் சீஸ் பூசிய கேக் ஒன்று பரந்தனில் திரும்பி ஏ-35 வீதியால் உங்கள் வீடு வந்து சேர்வதற்குள், மேற்பூச்சு இளகிப் பெட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டுவிடும்.

இந்தக் கேக்கின் சுவை சிவப்பில் இல்லை. மோரின் புளிப்பிலும் கொஞ்சக் கொக்கோவிலும் இருக்கிறது. காரம் (அல்கலி) சேர்த்துப் பதப்படுத்தாத கொக்கோ, புளிப்போடு சேரும்போது இலேசான செம்பழுப்பைத் தரும். இன்று நாம் காணும் கடுஞ்சிவப்பு பிற்பாடு வந்தது. டெக்சாஸைச் சேர்ந்த அடம்ஸ் நிறுவனம் தனது நிறமூட்டியை விற்பதற்காகச் சமையற்குறிப்பு அட்டைகளைப் பரப்பியதற்கு அதில் பெரும் பங்குண்டு. பீட்ரூட் சாறு விட்டுப் பார்க்க நினைக்காதீர்கள்: அவணின் சூட்டிலும் அப்பச்சோடாவின் காரத்திலும் அதன் நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும். ஜெல் நிறமூட்டி ஒரு தேக்கரண்டி போதும். தண்ணீர் போன்ற நிறமூட்டியில் இதே சிவப்பு வர நிறைய ஊற்ற வேண்டியிருக்கும், கலவையும் இளகிவிடும்.

கோதுமை மா 220 கிராம், சோளமா 30 கிராம், கொக்கோ 2 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி ஆகியவற்றை ஒன்றாக அரித்துக்கொள்ளுங்கள். சோளமா சேர்ப்பது கடை மாவின் இறுக்கத்தைக் குறைக்கத்தான். சீனி 250 கிராம், மரக்கறி எண்ணெய் 180 மில்லிலீற்றர், முட்டை 2, வனிலா, நிறமூட்டி ஆகியவற்றை அடித்து, அதில் மாவையும் 240 மில்லிலீற்றர் மோரையும் மாறி மாறிச் சேர்க்க வேண்டும். மோருக்கு எருமைத் தயிரைத் தண்ணீர் விட்டுக் கடைந்தால் போதும், நம் பக்கத்துத் தயிரின் புளிப்பு இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். கடைசியாக அப்பச்சோடாவும் வினாகிரியும் ஒவ்வொரு தேக்கரண்டி எடுத்து, சிறு கோப்பையில் கலந்து, நுரை பொங்கும்போதே கலவையில் ஊற்றிக் கிளறித் தட்டுகளில் இடுங்கள். அந்த நுரைதான் கேக்கைப் பொங்கவைப்பது. ஆகவே அவண் அதற்கு முன்பே 175 பாகை செல்சியசுக்குச் சூடாகியிருக்க வேண்டும். 8 அங்குலத் தட்டு இரண்டில் இட்டால் ஏறக்குறைய 30 நிமிடத்தில் வெந்துவிடும்.

மேற்பூச்சுக்குக் கிறீம் சீஸைத் தேடி அலைய வேண்டாம். இந்தக் கேக்குக்குப் பழைய முறையில் பூசியதே மாவும் பாலும் காய்ச்சிச் செய்த பூச்சுத்தான். பால் 240 மில்லிலீற்றரில் கோதுமை மா 3 மேசைக்கரண்டியும் சீனி 200 கிராமும் கட்டியில்லாமல் கரைத்து, களி பதம் வரும்வரை சிறு தீயில் துழாவி, நன்றாக ஆறவிடுங்கள். கை வைத்தால் சூடே தெரியாத அளவுக்கு ஆறியபின், 225 கிராம் பட்டரை வெள்ளையாகும்வரை அடித்து, களியைக் கரண்டி கரண்டியாகச் சேருங்கள். தித்திப்புக் குறைவு என்பதால் பெரியவர்களும் விரும்பிச் சாப்பிடுவார்கள். இதுவும் பட்டர்தான், வெயிலுக்கு இளகவே செய்யும். ஆனாலும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து மேசைக்குப் போகும் தூரம்தானே.

அப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்றால், கிளிநொச்சியை விட உங்கள் ஊரில் வீட்டிலிருந்து கேக் செய்து கொடுக்கும் ஒருவரிடம் கேட்பது நல்லது. மோர் சேர்ப்பாரா, மேலே பூசுவது பட்டரா மாஜரினா என்று விசாரித்துவிட்டு, முடிந்தால் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள். புளிப்போ கொக்கோ மணமோ தெரியாமல் வனிலா மட்டும் மணந்தால், அது சிவப்புச் சாயம் போட்ட பட்டர் கேக். அதற்குச் சாதாரண பட்டர் கேக்கையே குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம்.