வேரோடு வாழும் பங்கசு: தோட்டக்காரர் கேள்விகளும் பதில்களும்

பங்கசு என்றால் நம் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு உடனே நினைவுக்கு வருவது வெங்காயக் குமிழ் அழுகலும் மிளகாய்ப் பழத்தில் விழும் கரும்புள்ளியும்தான். அவர்களிடம் போய், "மண்ணில் இருக்கிற பங்கசைக் காப்பாற்றுங்கள், உழவைக் குறையுங்கள்" என்றால் கேள்வி வராமல் இருக்குமா? வந்தவற்றில் ஒத்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

"நல்ல பங்கசு என்கிறீர்கள். அது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது? கண்ணால் காணாததை எப்படி நம்புவது?" (கோண்டாவில்)

இதற்கு மைக்கோரைசா என்று பெயர். கிரேக்க மொழியில் 'பங்கசு வேர்' என்று பொருள். 1885இல் ஜேர்மன் தாவரவியலாளர் பிராங்க் இந்தப் பெயரை வைத்தார். பெயர்தான் புதிது. ஸ்கொட்லாந்தில் ரைனி என்ற ஊரில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான செடிகளின் புதைபடிவங்களிலும் இந்த வகைப் பங்கசு இருக்கிறது. அந்தச் செடிகள் சிலவற்றுக்குச் சரியான வேர்கூட அப்போது உண்டாகியிருக்கவில்லை.

ஒரு வெங்காயத்தின் வேரை எடுத்துப் பாருங்கள். நூல் மாதிரி இருக்கும், கிளை குறைவு, வேர்மயிரும் அரிது. பொசுபரசு நைதரசனைப் போலத் தண்ணீரோடு ஓடி வராது. வேரை ஒட்டி ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்குள் இருப்பதை எடுத்து முடித்ததும் வேர் பட்டினிதான். அதிலும் நம் செம்மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புக்கல். கல்சியம் பொசுபரசைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. இந்த இடத்தில்தான் பங்கசு கைகொடுக்கிறது. ஒரு பக்கம் வேரின் கலங்களுக்குள் புகுந்து குட்டி மரம் போலக் கிளைவிடும். மறுபக்கம் மண்ணுக்குள் பல சென்ரிமீற்றர் தூரத்துக்கு இழை ஓடும். தலைமயிரின் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு, சிலவேளை அதிலும் குறைவு. வேர் நுழையாத இடுக்கில் அது நுழைந்து பொசுபரசும் நாகமும் கொண்டுவந்து கொடுக்கும். அதற்குக் கூலியாகச் செடி, தான் ஆக்கிய காபனில் 4 முதல் 20 சதவீதம் வரை பங்கசுக்குக் கொடுக்கிறது.

காண ஒரு வழியும் உண்டு. நட்டு ஐந்தாறு வாரமான வெங்காயம் ஒன்றைப் பிடித்து இழுக்காமல், மண்ணோடு கிளறி எடுங்கள். வாளித் தண்ணீரில் மெதுவாக அலசி, வெள்ளைப் பீங்கான் தட்டில் வேரைப் பரப்பி நிழலில் வைத்துப் பாருங்கள். பங்கசு நன்றாகக் குடியேறிய வேரில் மெல்லிய மஞ்சள் ஓடியிருக்கும். குடியேறாத வேர் வெள்ளை வெளேரென்று இருக்கும். வெங்காய வேரில் இந்த மஞ்சளை அளந்தே பங்கசின் அளவைக் கணிக்கும் முறை 1970களிலேயே வந்துவிட்டது. வெளிச்சம் பட்டால் மஞ்சள் மங்கிவிடும், ஆகவே எடுத்த கையோடு பாருங்கள். செம்மண் கறையை மஞ்சள் என்று எண்ணிவிடாமல் இரண்டு தரம் அலசுவதும் முக்கியம்.

"உழாமல் வெங்காயம் வைக்க முடியுமா? நாங்கள் லாண்ட்மாஸ்டரால் இரண்டு தரம் உழுது, பிறகு ரொட்டவேற்றரும் ஒரு தரம் அடிப்போம்." (உரும்பிராய்)

முற்றாக உழாமல் விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். வெங்காயத்துக்குப் பொலபொலவென்ற பாத்தி வேண்டும். ஆனால் மூன்று தரம் வேண்டாம்.

முன்பயிரின் வேரிலிருந்து பரவிய பங்கசு இழைகள், அந்தப் பயிரை எடுத்த பிறகும் சில காலம் மண்ணுக்குள் வலையாக உயிரோடு இருக்கும். புதிதாக நட்ட வெங்காயத்தின் வேர் அந்த வலையில் முட்டினால் போதும், சில நாளிலேயே இணைந்துவிடும். வலை ஏற்கெனவே விரிந்திருப்பதால் செடி அன்றிலிருந்தே பயன் பெறும். ரொட்டவேற்றர் செய்வது அந்த வலையை அரைத்துவிடுவதுதான். பிறகு துண்டுகளிலிருந்தும் வித்திகளிலிருந்தும் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழகத்தில் 1980களிலும் 90களிலும் இளம் சோளப் பயிரில் இதைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். குழப்பாத மண்ணில் வளர்ந்த கன்றுகள், குழப்பிய மண்ணில் வளர்ந்தவற்றைவிட வேகமாகப் பங்கசோடு சேர்ந்தன, கூடுதல் பொசுபரசும் எடுத்தன. நம் சின்ன வெங்காயம் இரண்டரை, மூன்று மாதப் பயிர். அதற்கு முதல் மூன்று வாரம் என்பது வாழ்நாளில் கால்வாசி.

என்ன செய்யலாம்? ஒரே ஒரு உழவு, நான்கு அங்குலத்துக்கு மேல் போகாமல். பாத்தி வரும் இடத்தை மட்டும் மண்வெட்டியால் பண்படுத்துங்கள், வரம்பையும் வாய்க்கால் ஓரத்தையும் தொடாதீர்கள். அங்கிருந்து பங்கசு திரும்பப் பாத்திக்குள் வரும். ஈரம் கூடிய மண்ணில் இயந்திரம் இறக்கவே கூடாது.

"கோரைக்காகத்தான் உழுகிறோம்" என்பவர்களுக்கு ஒரு சொல். கோரையின் கிழங்குகள் மண்ணுக்குள் சங்கிலியாக இருக்கும். ரொட்டவேற்றர் சங்கிலியை வெட்டித் தறை முழுக்கப் பரப்பும், ஒவ்வொரு துண்டும் தனியாக முளைக்கும். கோரைக்கு நிழல்தான் ஆகாது. அதைப் பற்றிக் கீழே சணல் பசுந்தாள் கேள்வியில் சொல்கிறேன்.

"பீற்றூட் எடுத்த தறையில் வைத்த வெங்காயம் ஏறவே இல்லை. பக்கத்துத் தறையில் மிளகாய்க்குப் பிறகு வைத்தது நன்றாக நிற்கிறது. தண்ணீர், பசளை எல்லாம் ஒன்றுதான்." (புன்னாலைக்கட்டுவன்)

இதில் நானும் அடிபட்டிருக்கிறேன். கோவா எடுத்த நிலத்தைச் சோளகக் காற்று முடியும்வரை வெறுமனே போட்டு, பிறகு நன்றாக உழுது வெங்காயம் வைத்தேன். ஒரு மாதம் வரை தாள் விரலளவுதான். விதை வெங்காயம் கெட்டது என்று விதை தந்தவரோடு மனத்தாங்கலாகிவிட்டது. அது பிழை என்று பிறகுதான் விளங்கியது. அவரிடம் போய்ச் சொன்னேன்.

எல்லாச் செடியும் பங்கசுக்கு வீடு கொடுக்காது. கோவா, பூக்கோவா, நோக்கோல், முள்ளங்கி, கடுகு அனைத்தும் ஒரே குடும்பம், அவற்றின் வேரில் இந்தப் பங்கசு குடியேறாது. பீற்றூட்டும் அப்படியே. முளைக்கீரையும் அநேகமாக அந்தப் பக்கம்தான். உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பங்கசு வாழாது, மட்கில் தின்று பிழைக்கத் தெரியாது. மூன்று மாதம் பீற்றூட் என்றால் பங்கசுக்கு மூன்று மாதப் பட்டினி. அதற்கு மேல் வெறுந்தரையும் உழவும் வந்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான்.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஓராண்டுக்கு மேல் வெறுமையாகப் போட்ட வயல்களில் பயிர்கள் பொசுபரசும் நாகமும் இல்லாமல் கூனிப் போயின. ஓய்வெடுத்த நிலம் ஏன் மோசமாகிறது என்று பல காலம் விளங்கவில்லை. பங்கசு குறைந்ததுதான் காரணம் என்று 1987இல் தொம்சன் என்ற ஆய்வாளர் காட்டினார்.

பீற்றூட்டை விட்டுவிடச் சொல்லவில்லை, நல்ல விலை போகிற பயிர். பீற்றூட்டுக்கும் வெங்காயத்துக்கும் நடுவில் பயறோ கௌபியோ சணலோ ஒன்றரை மாதம் நிற்கட்டும். அதற்கு நேரமில்லை என்றால் பீற்றூட்டுக்குப் பிறகு மிளகாய்க்கு மாறுங்கள். மிளகாயும் பங்கசை விரும்புகிற பயிர்தான், ஆனால் தறையில் நீண்ட காலம் நிற்பதால் தொடக்கத்தில் பின்தங்கியதை ஈடுகட்ட அதற்கு அவகாசம் உண்டு.

"சணல் விதைத்து, பூக்கிறபோது மடக்கி உழுகிறோம். அப்பா காலத்துப் பழக்கம். இது போதாதா?" (நீர்வேலி)

அந்தப் பழக்கத்தை விடவே வேண்டாம். மாரிக்குப் பிறகு மண்ணில் மிஞ்சிய ஈரத்திலேயே சணல் எழுந்துவிடும். வேரில் நைதரசன் பிடிக்கும், நூற்புழுவை அடக்கும், இலை அடர்ந்து கோரையின் தலையில் நிழலைப் போடும். பங்கசுக்கும் அது நல்ல வீடு. பரப்புக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ விதை போதும்.

நான் மாற்றச் சொல்வது கடைசி வேலையை மட்டும். பசுந்தாள் என்றால் மண்ணுக்குள் புதைப்பது என்று நாம் எண்ணிவிட்டோம். 45 நாள் பங்கசை வளர்த்துவிட்டு ஆழ உழுது அதை அறுப்பதில் என்ன இலாபம்? முதல் பூ கண்டதும், தண்டு நாராகி முற்றுவதற்கு முன், சணலை அடியோடு வெட்டி அப்படியே தரையில் கிடத்துங்கள். வேர் மண்ணுக்குள்ளே இருக்கட்டும். இரண்டு, மூன்று வாரத்தில் இலை உதிர்ந்து மண்ணோடு ஒட்டிவிடும். மிளகாய், கத்தரி, தக்காளி என்றால் அந்த மூடாக்கிலேயே குழி விலக்கி நடலாம், உழவே தேவையில்லை. வெங்காயம் என்றால் மூடாக்கை ஒதுக்கி மேலாகக் கொத்தி நட்டு, முளை வந்தபின் வரிசைக்கு நடுவே திரும்பப் பரப்புங்கள். வெட்டிப் போட்டால் நைதரசனில் ஒரு பகுதி காற்றோடு போகும், புதைத்தால் அந்த நட்டம் குறைவு. இது உண்மைதான். ஆனாலும் நான் வெட்டிக் கிடத்துவதைத்தான் தேர்வேன். சோளகம் அடிக்கும்போது செம்மண் புழுதியாகக் கிளம்பி வீட்டுத் திண்ணை வரை வருகிறதே, அந்த மேல்மண்ணைப் பிடித்து வைக்க மூடாக்கும் பங்கசு இழையும் இரண்டும் வேண்டும்.

பச்சைப்பசளைக்குக் கடுகு விதைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வெங்காயத்துக்கு முன் வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான்.

"நெல் வெட்டிய வயலில் பயறு போடுகிறோம். தண்ணீர் நின்ற நிலத்தில் பங்கசு இருக்குமா?" (கைதடி)

குறைந்திருக்கும், அழிந்திருக்காது. நீரில் மூழ்கிய மண்ணில் ஒட்சிசன் இல்லாததால் இந்தப் பங்கசு ஒடுங்கிவிடும். 1993இல் அமெரிக்காவின் மத்திய மாநிலங்களில் வெள்ளம் நின்ற வயல்களில் மறுவருடம் சோளம் பொசுபரசுக்கு ஏங்கியதும் இதனால்தான். நெல்லுக்குப் பிறகு பயறு சரியான தெரிவு, பங்கசை மீட்கிற பயிர். அரிதாளை எரிக்காமல், உழாமல், அதன் நடுவே விதையுங்கள். வயலில் வெங்காயம் வைக்க எண்ணமிருந்தால் பயறு எடுத்த பின் வையுங்கள்.

"பசளையை நிறுத்தினால் பங்கசு பெருகும் என்கிறார்கள். 2021இல் பட்டது போதாதா?" (அச்சுவேலி)

போதும். அந்த ஆண்டு அசேதனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடுத்து, நவம்பரில் தடையை விலக்கினார்கள். அந்தப் போகத்தின் இழப்பு யாருக்கும் மறக்காது. எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

ஆனால் பொசுபரசுப் பசளையான டி.எஸ்.பி.யை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். மண்ணில் பொசுபரசு நிறைய இருந்தால் செடி பங்கசைச் சேர்க்காது, கூலி கொடுத்து ஆள் வைக்கத் தேவையில்லை என்று விட்டுவிடும். ஒவ்வொரு போகமும் அடிக்கட்டுப் பசளையாக அதைப் போட்டு, மேலே ஆட்டெருவும் கோழியெருவும் கொட்டிய தறைகளில் பொசுபரசு ஏற்கெனவே சேர்ந்திருக்கும். மண்ணைச் சோதித்துப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் ஒரு போகம் டி.எஸ்.பி.யை விடுங்கள், பயிர் அசையாது. யூரியாவை அளவோடு, பிரித்துப் போடுங்கள். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருக்கிறது. அது நாமும் பிள்ளைகளும் குடிக்கிற தண்ணீர்.

எப்பாவலப் பாறைப் பொசுபேற்றைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது அமில மண்ணில் கரையும், தேயிலைக்கும் இறப்பருக்கும் தென்னைக்கும் சரி. நம் சுண்ணாம்பு மண்ணில் கல்லாகவே கிடக்கும்.

"மைக்கோரைசாப் பொடி வாங்கிப் போடலாமா? ட்ரைக்கோடெர்மாவும் அதுவும் ஒன்றா?" (ஏழாலை)

ஒன்றல்ல. ட்ரைக்கோடெர்மா வேறொரு பங்கசு, அதை அவித்த சோற்றிலும் வளர்க்கலாம். அது நோய்ப் பங்கசோடு போட்டியிடும். மைக்கோரைசாவை உயிருள்ள வேரில்தான் வளர்க்க முடியும், அதனால் நல்ல பொடி விலை கூடியது, மலிவானதை நம்பமுடியாது. திறந்த தோட்டத்தில் தூவுவது வீண்செலவு. நாற்றுமேடைக்கு வேண்டுமானால் நீங்களே செய்யலாம். பல காலம் உழாத வேலியோரத்தில், புல் வேரோடு ஒரு வாளி மண் எடுத்து, மணலோடு கலந்து சாடியில் இட்டு, சோளம் விதைத்து, பசளை போடாமல் மூன்று மாதம் வளருங்கள். பிறகு தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, வேரை நறுக்கி அந்த மண்ணோடு நாற்றுமேடையில் கலவுங்கள். நோய்ப்பட்ட தோட்டத்து மண்ணை மட்டும் எடுக்கக்கூடாது.

"பழைய பனையோலை தாழ்ப்பது இந்தப் பங்கசுக்கு உணவாகுமா?" (சாவகச்சேரி)

நேரடியாக ஆகாது. ஓலையைத் தின்பது மட்கவைக்கும் வேறு பங்கசு. ஆனால் தென்மராட்சி மணலில் ஈரம் பிடிக்க ஓலையைப்போல் ஒன்றில்லை. தென்னை, மா அடியில் ஒரு தரம் தாழ்த்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். தாராளமாகச் செய்யுங்கள்.

"விதை வெங்காயத்தைப் பங்கசுநாசினியில் நனைத்தால் நல்லதும் செத்துவிடுமா?" (இணுவில்)

குமிழை நனைப்பதால் பெரிய கேடில்லை. பாத்தி முழுக்க மண்ணில் ஊற்றுவதுதான் கேடு, அதிலும் ஊடுருவும் வகை. பெனோமில் என்ற மருந்தை, வயலில் இந்தப் பங்கசை அகற்றிப் பார்ப்பதற்கென்றே ஆய்வாளர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

"25 வருடத்துக்குப் பிறகு எங்கள் காணி கைக்கு வந்திருக்கிறது. முழுக்கப் பற்றை. பெக்கோ இயந்திரம் போட்டு ஒரே நாளில் துப்புரவாக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். பிறகு என்ன பயிர் வைக்கலாம்?" (வலிகாமம் வடக்கு)

இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இத்தனை காலம் காத்திருந்தவருக்கு ஒரு நாள்கூட அதிகம் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன், பெக்கோவால் நிலத்தைச் சுரண்ட விடாதீர்கள்.

பற்றை மூடிய நிலம் வெறுந்தரிசு இல்லை. அங்கே 25 வருடம் இடைவிடாமல் உயிருள்ள வேர் இருந்திருக்கிறது, உழவு இல்லை, பசளை இல்லை. வலிகாமத்தில் பங்கசு வலை அறுபடாமல் இருக்கிற மண் என்றால் இன்றைக்கு உங்கள் காணி மாதிரியானவைதான். அந்த வலையின் பெரும்பகுதி மேலே உள்ள அரை அடிக்குள்தான் இருக்கிறது. பெக்கோ வாளி முதலில் வழித்து வேலியோரம் குவிப்பதும் அதே அரை அடியை.

பெரிய மரம், கற்குவியல் இருக்கிற இடத்துக்கு மட்டும் இயந்திரம் பிடியுங்கள். மற்றப் பற்றையை ஆள் வைத்து நிலமட்டத்தில் வெட்டுங்கள், செலவு கூடும், நாலைந்து நாள் ஆகும். எரிக்க வேண்டியதைக் காணியின் ஒரு மூலையில் மட்டும் எரியுங்கள். முதல் பயிராக மரவள்ளி வையுங்கள். பங்கசு இல்லாத மண்ணில் வளரவே திணறுகிற பயிர் அது, கொலம்பியாவில் உள்ள சியாட் ஆய்வு நிலையம் இதைப் பல பரிசோதனைகளில் காட்டியிருக்கிறது. உங்கள் மண்ணில் அந்தப் பங்கசு நிறைந்திருக்கும். முதல் மாரி மழை இறங்கியதும், தடி ஊன்றும் இடத்தில் மட்டும் குழி கொத்துங்கள், மூன்று அடிக்கு ஒன்று. நடுவே கௌபி தூவிவிடுங்கள். வெட்டிய பற்றைத் தடி துளிர்க்கும், இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் கத்தியால் தட்டிக்கொண்டே வந்தால் மரவள்ளி நிழல் கட்டியதும் அடங்கிவிடும்.