இலங்கையிலிருந்து என்ன பலகாரம் வாங்கி வரலாம்?

கேள்வி: குடும்பத்துடன் இலங்கைக்குச் செல்கிறோம். கொழும்பில் இறங்கி, தெற்கே கதிர்காமம் போய், பிறகு யாழ்ப்பாணம் சென்று அங்கிருந்தே ஊர் திரும்பத் திட்டம். முன்பு போய்வந்த உறவினர் ஒருவர் விமான நிலையத்தில் வாங்கிய சாக்லெட்டைத்தான் எல்லோருக்கும் கொடுத்தார். அந்த மண்ணுக்கே உரிய தின்பண்டங்களை எங்கே தேடுவது?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: விமான நிலையத்தில் விற்கும் சாக்லெட் எந்த நாட்டிலும் கிடைக்கும். ஊரிலிருந்து வாங்கி வருகிற பண்டம் அந்த ஊரில் விளைவதையும், அங்குள்ளவர்கள் தங்கள் வீட்டுக்கு வாங்கிப் போவதையும் ஒட்டி இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. நீங்கள் போகும் வழியிலேயே அப்படிப்பட்ட இரண்டு இடங்கள் இருக்கின்றன.

முதலாவது, கதிர்காமத்துக்குப் போகும் வழியிலுள்ள அம்பாந்தோட்டை. அங்கே சாலையோரக் கடைகளில் தொதல் விற்கிறார்கள். அரிசி மாவு, தேங்காய்ப்பால், கித்துல் என்னும் பனைவகையின் வெல்லம் மூன்றையும் பெரிய சட்டியில் இட்டு, எண்ணெய் பிரிந்து வரும் வரை மணிக்கணக்கில் கைவிடாமல் கிண்டி எடுக்கிற கறுப்பு அல்வா அது. டச்சுக்காரர் ஆட்சியில் சாவகம் (ஜாவா) முதலிய தீவுகளிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மலாய் மக்களின் வழிவந்தவர்கள் இன்றும் வாழும் ஊர் அம்பாந்தோட்டை. அவர்களுடைய பண்டமாகவே தொதலைச் சொல்வார்கள். நம் கீழக்கரையிலும் தொதல் கிண்டுகிறார்கள் என்பதால், அந்தப் பக்கத்து உறவினர் யாரேனும் இருந்தால் இதை அவர்களுக்கென்று தனியே எடுத்து வையுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பேசவே ஒரு மாலைப்பொழுது போதாது.

கடையில் கட்டியாக வைத்திருப்பதைக் கத்தியால் வெட்டி எடை போட்டுத் தருவார்கள். வாங்குமுன் ஒரு துண்டு கேட்டு வாயில் போட்டுப் பாருங்கள். நல்ல தொதல் பல்லில் ஒட்டாமல் நழுவும். மேலே எண்ணெய் மினுமினுக்கும். முந்திரி பதமாக இருக்கும். தேங்காய்ப்பால் சேர்ந்த பண்டமாதலால் பழசானால் சிக்கு வாடை வந்துவிடும். எனவே என்று கிண்டியது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நீங்கள் இன்னும் யாழ்ப்பாணம் வரை போகவேண்டியிருப்பதால், குறைவாக வாங்கி, காற்றுப் புகாமல் கட்டி, வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது யாழ்ப்பாணம். பயணத்தின் கடைசி ஊராக அது அமைந்தது உங்கள் நல்வாய்ப்பு; பெரும்பகுதிப் பணத்தை அங்கே செலவிடலாம். பனையை நம்பி வாழ்ந்த நிலம் அது. பனங்கட்டியை, அதாவது பனை வெல்லத்தை, பனையோலையில் பின்னிய சிறு பெட்டிகளில் ஊற்றி இறுகவிடுவார்கள். அந்தப் பெட்டிக்குக் குட்டான் என்று பெயர். நம் ஊர்க் கருப்பட்டி பெரும்பாலும் சிரட்டையின் வடிவத்தில் வரும். இது ஓலை மணத்தோடு வரும். உறையோ வண்ணத்தாளோ தேவையில்லை, குட்டானோடு அப்படியே கையில் கொடுத்துவிடலாம். ஈரக்காற்றில் கசிந்துவிடும் என்பதால் பயணத்தில் மட்டும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வையுங்கள்.

பனாட்டும் அவசியம் வாங்குங்கள். பழுத்த பனம்பழத்தைப் பிசைந்து எடுத்த களியைப் பாயில் பரப்பி வெயிலில் காயவிட்டு, காய்ந்ததன் மேல் மீண்டும் ஊற்றிக் காயவிட்டு, தோல்போல உரித்தெடுப்பதே பனாட்டு. இனிப்புக்கு அடியில் மெல்லிய கசப்பு ஒன்று ஓடும். எல்லோருக்கும் முதல் கடியிலேயே பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பனம்பழம் சுட்டுத் தின்று வளர்ந்த பெரியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாண நகரச் சந்தையில் இவையெல்லாம் கிடைக்கும். 1978இல் தொடங்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையின் 'கற்பகம்' விற்பனை நிலையத்திலும் கேட்டுப்பாருங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் ஏராளமானோருக்குக் கொடுக்க வேண்டும். செலவும் எடையும் குறைவாக இருக்க வேண்டும். உடையவும் கூடாது. எதை வாங்குவது?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: பருத்தித்துறை வடை. தட்டை வடை என்றும் சொல்வார்கள். பெயர் வடை என்றாலும், நம் தட்டையைப் போல மெலிதாகவும் கடினமாகவும் இருக்கும். உளுந்து மேற்பரப்பில் தெரியும். மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்ந்த மணம் பையைப் பிரித்தவுடன் எழும். ஈரப்பசை இல்லாததால் பல நாள் தாங்கும். ஓரிரண்டு நொறுங்கினாலும் சுவைக்குக் குறைவில்லை. இனிப்பு வேண்டாம் என்பவரும் மறுக்காமல் எடுத்துக்கொள்வார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகோடியிலுள்ள பருத்தித்துறை வரை போக நேரமிருந்தால் அங்கேயே வாங்குங்கள்.

சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் சிங்கள வீடுகளில் சுடும் கொக்கிஸ் பார்க்க நம் அச்சுமுறுக்கைப் போல அழகாக இருக்கும். ஆனால் பெட்டியில் வைத்தால் தூளாகிவிடும் என்பதால் அதை அங்கேயே சாப்பிட்டுவிடுவது நல்லது.

கேள்வி: அம்மா அசைவம் தொடமாட்டார். அப்பாவுக்குச் சர்க்கரை நோய். இருவருக்கும் ஏற்றதாக ஏதும் உண்டா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அம்மாவுக்கு மேலே சொன்ன எல்லாமே ஆகும். சீனிச்சம்பல் புட்டியை மட்டும் கவனித்து வாங்குங்கள். வெங்காயமும் மிளகாயும் சீனியும் சேர்த்து வதக்கும் அந்தச் சம்பலில் வழக்கமாக மாசிக்கருவாடு இருக்கும். மாசி சேராததும் விற்கிறது, கேட்டு வாங்கலாம்.

அப்பாவைப் பொறுத்தவரை, பனங்கட்டி சர்க்கரை நோயாளிக்குத் தீங்கு செய்யாது என்று கடையில் யாரேனும் சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். அதிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். இரத்தச் சர்க்கரையை அதுவும் ஏற்றும். பனங்கிழங்கை அவித்து, கீறிக் காயவைத்த புழுக்கொடியலில் சர்க்கரை சேர்ப்பதில்லை. மாவுச்சத்து உண்டு என்பதால் அளவோடு கொடுங்கள். கல்போல் இருக்கும், பல் உறுதியாக இல்லாவிட்டால் இடித்து, தேங்காய்த் துருவலோடு கலந்து தரலாம்.

கேள்வி: நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறை போய்வர எண்ணுகிறோம். தின்பண்டம் கொண்டுவரத் தடை உண்டா?
– ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பலில் போகிறவர்களும் விமானப் பயணிகளைப்போலவே சுங்கச் சோதனையைக் கடந்தாக வேண்டும். சொந்தத் தேவைக்கும் பரிசுக்குமான அளவில் சமைத்த, காய்ந்த பலகாரங்களைக் கொண்டுவருவதில் பொதுவாகச் சிக்கல் வராது. விதை, கன்று, பச்சைக் கிழங்கு, பழம் ஆகியவை தாவர நோய்த்தடுப்பு விதிகளுக்கு உட்பட்டவை; ஆசைப்பட்டு எடுத்து வராதீர்கள். விமானத்தில் திரும்பும் வாசகர்கள் கித்துல் பாணி என்னும் பாகை வாங்கினால், 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியைக் கைப்பையில் வைக்கக் கூடாது. மூடியை ஒட்டி, துணியில் சுற்றி, ஏற்றிவிடும் பெட்டியில் வையுங்கள்.