அதிக ஆபத்தில் உள்ளவர்களை முன்கூட்டியே கண்டுபிடித்து நாள்பட்ட நோயைத் தடுக்க முடியுமா?

மருத்துவமனைப் பதிவுகளை அலசி, நாள்பட்ட நோய் வரக்கூடியவர்களை முன்னதாகவே கண்டுபிடித்துத் தடுத்துவிடலாம் என்கிறார்களே, நடைமுறையில் இது முடிகிற காரியமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சில நோய்களுக்கு முடியும். அதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. ஆனால் பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்கிற முதல் படியிலேயே பலர் கோட்டை விட்டுவிடுகிறார்கள். இந்த மாதிரிப் பட்டியல்கள் தயாரிப்பதுதான் என் வேலை என்பதால் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை.

'ஹை ரிஸ்க் பட்டியல் வேண்டும்' என்று கேட்பவர்களில் பெரும்பாலானோர் முதலில் சொல்வது, 'போன வருடம் அதிக தடவை அட்மிட் ஆனவர்களை எடுங்கள்' என்பதுதான். அவர்களுக்கு நோய் ஏற்கெனவே வந்து முற்றிவிட்டது. உதவி தேவைதான், ஆனால் அதற்குப் பெயர் முன்கூட்டித் தடுப்பது அல்ல. அமெரிக்காவின் கேம்டன் நகரில் இப்படி அடிக்கடி அட்மிட் ஆனவர்களை எடுத்து, வீட்டுக்கே போய் மருந்துகளைச் சரிபார்த்து, டாக்டரிடம் கூடவே போய் உதவினார்கள். ஆறு மாதத்தில் அட்மிஷன் நன்றாகக் குறைந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். பிறகு, இந்த உதவி கிடைக்காத ஒரு குழுவையும் வைத்து முறையாகச் சோதித்தார்கள். 2020-ல் முடிவு வெளியானது. இரண்டு குழுவிலும் சுமார் 62 சதவீதம் பேர் ஆறு மாதத்துக்குள் மறுபடி அட்மிட் ஆகியிருந்தார்கள். அட்மிஷன் எண்ணிக்கை குறைந்ததும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். மிக மோசமான கட்டத்தில் இருக்கும் ஆளைப் பிடித்துப் பட்டியலில் போட்டால், யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த சில மாதங்கள் கொஞ்சம் மேலாகத்தான் இருக்கும். அதை நம் சாதனை என்று எண்ணிக்கொள்வது ரொம்ப சுலபம்.

செலவை அளவுகோலாக வைத்தால் இன்னொரு சிக்கல் வரும். மருத்துவமனைப் படியே ஏற முடியாதவருக்குச் செலவும் இருக்காது, கணினி அவரை ஆரோக்கியமானவர் என்று எண்ணிக்கொள்ளும். அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட ஒரு மென்பொருள் இதே காரணத்தால் கறுப்பின நோயாளிகளைத் தொடர்ந்து பின்னுக்குத் தள்ளியது 2019-ல் அம்பலமானது.

சரி, அப்போது யாரைத் தேடுவது? அறிகுறி எதுவும் இல்லாமல், எப்போதோ ஒருமுறை வந்துபோகிறவர்களை.

சர்க்கரை நோயில் இதற்கான ஆதாரம் மிக வலுவானது. சீனாவின் தாச்சிங் நகரில் 1986-ல் தொடங்கிய ஆய்வில், சர்க்கரை நோயின் எல்லைக்கோட்டில் இருந்தவர்களுக்கு உணவு, உடற்பயிற்சி வழிகாட்டல் தந்தார்கள். 30 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அவர்களுக்கு நோய் ஏறக்குறைய 4 ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தது, இதயநோய் மரணங்களும் குறைந்திருந்தன. 2002-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி என்ற இலக்குகளோடு பழக்கத்தை மாற்றியவர்களிடம் புதிதாகச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களிடம் 31 சதவீதம். ஆக, மாத்திரையைவிடப் பழக்கம் நன்றாகவே வேலை செய்தது.

இவர்களைக் கண்டுபிடிக்கச் செயற்கை நுண்ணறிவெல்லாம் கட்டாயம் இல்லை (விற்க வருகிறவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்). ஃபின்லாந்துக்காரர்கள் எட்டே கேள்வி வைத்திருக்கிறார்கள். வயது, உடல் எடை, இடுப்புச் சுற்றளவு, குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று போகும். ரத்தம் எடுக்கவே வேண்டாம்.

பதிவேட்டிலேயே தூங்கிக்கொண்டிருக்கும் தகவலும் நிறைய. எனக்கு எப்போதும் ஆற்றாமையாக இருப்பது கர்ப்பகாலச் சர்க்கரை விஷயம். அது வந்துபோன பெண்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. பிரசவம் முடிந்து 4 முதல் 12 வாரத்துக்குள் ஒரு சோதனை, அப்புறம் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்று பரிந்துரையே இருக்கிறது. ஆனால் பிரசவ ஃபைல் ஒரு பிரிவில், பொது மருத்துவ ஃபைல் வேறு பிரிவில் என்று கிடக்கும். குழந்தை பிறந்ததும் சர்க்கரை பெரும்பாலும் இயல்புக்குத் திரும்பிவிடுவதால் அவரும் மறந்துவிடுவார், கூப்பிடவும் ஆள் இருக்காது. சிறுநீரகத்திலும் இதே கதைதான். செயல்திறன் பாதி போகும்வரை, ரத்தச் சோதனையில் பார்க்கும் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு 'நார்மல்' எல்லைக்குள்ளேயே நிற்கலாம். சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்களுக்குச் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்த்தால் முன்னாலேயே தெரியவரும்.

அதற்காக எல்லோரையும் கூப்பிட்டுச் சோதித்து அறிவுரை சொன்னால் போதுமா என்றால், அதுவும் இல்லை. டென்மார்க்கில் பொதுமக்களை அழைத்துச் சோதித்து, ஆபத்தில் இருந்தவர்களுக்கு ஐந்து ஆண்டுகள்வரை ஆலோசனை தந்தார்கள். பத்து ஆண்டு கழித்து இதயநோயில் வித்தியாசமே இல்லை. மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு பயிற்சியாளர், முதல் ஆறு மாதத்தில் மட்டும் 16 அமர்வுகள். ஆபத்து மிகத் தெளிவாக இருப்பவர்களை மட்டும் எடுத்து, அவர்களை விடாமல் பிடித்துக்கொண்டதுதான் வேறுபாடு என்று நான் நினைக்கிறேன்.

நீங்கள் ஒரு கிளினிக்கில் இதைத் தொடங்குவதாக இருந்தால், முதலில் இரண்டு பட்டியல் போதும். ஒன்று, கர்ப்பகாலச் சர்க்கரை இருந்து, அதன்பின் சோதனையே செய்யாதவர்கள். மற்றது, வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒருமுறை 100 முதல் 125-க்குள் வந்து, ஒரு வருடத்துக்கு மேல் திரும்பி வராதவர்கள். உங்கள் ஊழியர் ஒருவர் வாரத்துக்கு எத்தனை பேரைக் கூப்பிட்டுப் பேச முடியுமோ, அந்த எண்ணிக்கையில் பட்டியலை வெட்டிவிடுங்கள்.