வயசான அம்மாவுக்கு முதுகெலும்பு நொறுங்கிடுச்சு, சிமெண்ட் வைக்கலாமா?

ஏற்காட்டுல இருக்கற உங்கம்மாவுக்கு 72 வயசு, பஸ்ல கடைசி சீட்டு தூக்கிப் போட்டதுல இடுப்புப் பக்கத்து முதுகெலும்புல முதல் எலும்பான எல்1 நசுங்கிடுச்சு, சேலத்துல ஒரு டாக்டர் எலும்புக்குள்ள ஏத்தி இறுக வைக்கற மருத்துவ சிமெண்ட் வைக்கலாம்னு சொல்றாரு, இந்த வயசுல ஆபரேஷன் தாங்குவாங்களான்னு கேட்டிருக்கீங்க. நான் டாக்டர் இல்லீங்க. சேலத்துல ஆபரேஷன் தியேட்டர்ல ஆபரேஷன் நடக்கும்போதே எலும்பை ஸ்க்ரீன்ல காட்டற சி-ஆர்ம் எக்ஸ்ரே மெஷின் பாத்துக்கறேன், இந்த மாதிரி கேஸ்ல பக்கத்துலயே நின்னிருக்கேன், எங்க அம்மாயிக்கும் இதே பிரச்சினை வந்துச்சு, அதனால தெரிஞ்சதை சொல்றேன்.

முதல்ல ஆபரேஷன்ங்கற பயத்தை விட்டுடுங்க, பெருசா கிழிக்கறதெல்லாம் இல்ல. குப்புற படுக்க வெச்சு பெரும்பாலும் மரத்துப்போற ஊசியும் லேசா தூக்க மருந்தும்தான் தருவாங்க, சிலருக்கு மட்டும் முழு மயக்கம். முதுகுத் தோல்ல சின்னதா ஒரு துளை, அது வழியா தடிமனான ஊசியை நொறுங்கின எலும்புக்குள்ள கொண்டு போவாங்க, முன்னாடி இருந்து ஒரு படம் சைடுல இருந்து ஒரு படம்னு நான் காட்டிட்டே இருக்கணும், ஏன்னா கொஞ்சம் உள்பக்கம் தள்ளினா தண்டுவடம். சிமெண்ட்டுக்கான பொடியையும் திரவத்தையும் கலக்கும்போது தியேட்டர் முழுக்க நெயில் பாலிஷ் மாதிரி நெடி அடிக்கும். அது பேஸ்ட் பதத்துக்கு வர்ற வரைக்கும் டாக்டர் ஒரு துளியை விரல்ல உருட்டிப் பாத்துட்டே இருப்பாரு, தண்ணியா இருக்கும்போதே ஏத்தினா வெளிய கசிஞ்சிடும், லேட் பண்ணா ஊசிக்குள்ளயே இறுகிடும். ஏத்தும்போது எல்லார் கண்ணும் ஸ்க்ரீன்ல தான், கறுப்பா தெரியற சிமெண்ட் பின்பக்கமா லேசா ஓடினாலும் உடனே நிறுத்திடுவாங்க. மிச்சம் இருந்த உருண்டை கொஞ்ச நேரத்துல கையில வெக்க முடியாத அளவுக்கு சூடாகி கல்லு மாதிரி ஆயிடும், உள்ள இருக்கறதும் அப்படி இறுகி எலும்பை அசையாம பிடிச்சுக்கும். இதுதான் வெர்டிப்ரோபிளாஸ்டி. முதல்ல பலூன் விட்டு எலும்பைத் தூக்கி இடம் பண்ணிட்டு சிமெண்ட் விட்டா அது கைஃபோபிளாஸ்டி, பலூன் செலவு தனியா வரும். கசிவு நிறைய கேஸ்ல கொஞ்சம் இருக்கும், பெரும்பாலும் ஒண்ணும் பண்ணாது, ஆனா நரம்பை அழுத்தறதோ ரத்தக்குழாய் வழியா நுரையீரலுக்குப் போறதோ அபூர்வமா நடக்கும், அதை டாக்டர்கிட்ட நேரா கேளுங்க.

ஆனா உங்கம்மாவுக்கு இது தேவையாங்கறதுதான் பெரிய கேள்வி. எம்ஆர்ஐ எடுத்தாச்சா? எலும்புக்குள்ள நீர் கோத்து வெள்ளையா தெரிஞ்சா புது முறிவு, தெரியலேன்னா பழசு ஆறிப்போனது, அதுல சிமெண்ட் வெச்சு பிரயோஜனம் இல்ல, வலிக்கு வேற காரணம் இருக்கும். டிபி, புத்துநோய் மாதிரி எதுவும் இல்லைன்னும் அதுலதான் ஓரளவு தெரியும். 2009ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ரெண்டு ஆய்வு வந்துச்சு, நிஜமா சிமெண்ட் வெச்சவங்களுக்கும் வெக்கற மாதிரி சும்மா செஞ்சவங்களுக்கும் வலி குறைஞ்சதுல பெரிய வித்தியாசமே இல்லன்னு. 2016ல ஆஸ்திரேலியா ஆய்வு, ஆறு வாரத்துக்குள்ள கடும் வலியோட இருக்கறவங்களுக்கு பலன் இருக்குன்னு சொல்லுச்சு, 2018ல நெதர்லாந்து ஆய்வு திரும்பவும் இல்லன்னுடுச்சு. அதனால என் எண்ணம், பெல்ட்டும் வலி மாத்திரையும் போட்டு எழுந்து நடமாட முடிஞ்சா கொஞ்ச வாரம் பொறுங்க, பெரும்பாலும் ரெண்டு மூணு மாசத்துல தானா கூடிடும். மாத்திரை போட்டும் திரும்பிப் படுக்க முடியல, பாத்ரூமுக்கே தூக்கிட்டுப் போகணும்னா தயங்காதீங்க, வயசானவங்களுக்கு படுக்கையே ஆபத்து, நெஞ்சுல சளி கட்டும், படுக்கைப்புண் வரும். எங்க அம்மாயி இந்த நிலைமையில தான் இருந்தாங்க, வெச்ச மறுநாளே எழுந்து உக்காந்தாங்க. எண்ணெய் போட்டு அமுக்கி விடறது மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொண்ணு, இதைத்தான் நிறைய பேர் விட்டுடறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம். சிமெண்ட் அந்த ஒரு எலும்புக்குத்தான், மத்த எலும்பெல்லாம் அதே பலவீனத்தோட தான் இருக்கு. எலும்பு அடர்த்தியை அளக்கற டெக்ஸா ஸ்கேன்ல டி ஸ்கோர்ங்கற அளவு மைனஸ் 2.5 இல்ல அதுக்கும் கீழன்னா ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு அடர்த்தி குறைஞ்சு பலவீனமாகற நோய்னு கணக்கு, ஸ்கோர் எப்படி இருந்தாலும் இந்த மாதிரி லேசான அதிர்ச்சியில நொறுங்கியிருந்தாலே வைத்தியம் பண்ணணும். வருஷத்துக்கு ஒரு ஸோலெட்ரானிக் ஆசிட் டிரிப், வாரம் ஒரு மாத்திரை, தினசரி டெரிபாராடைட் ஊசின்னு பல வழி இருக்கு, கிட்னி டெஸ்ட் பாத்து டாக்டர் முடிவு பண்ணுவாரு, கால்சியம் மாத்திரை மட்டும் வாங்கிக் குடுத்துட்டு விட்டுடாதீங்க. இதே நோய்க்கு ஆறு மாசத்துக்கு ஒண்ணு போடற டெனோசுமாப் ஊசி ஆரம்பிச்சா தேதி தவறவே கூடாது, திடீர்னு நிறுத்தினா ஒரே நேரத்துல பல எலும்பு நொறுங்கறது நடக்குது, மலையில இருக்கறவங்க அடுத்த தேதியை காலண்டர்ல எழுதியே வெச்சுக்கணும்.

கால் மரத்துப் போகுது, நடை தள்ளாடுது, ஒண்ணுக்கு போறது தெரியல, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு பாக்காம அந்த ராத்திரியே கீழ இறக்கிட்டு வந்துடுங்க, 20 கொண்டை ஊசி வளைவுன்னு யோசிக்காதீங்க, படுக்க வெச்சே ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டு வாங்க, அது நரம்பு அழுத்தம், அதுக்கு சிமெண்ட் மட்டும் பத்தாது.